ஒரு போன், ஒரு ப்ரொஜெக்டர், 42 பிள்ளைகள்

வகுப்பறைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டு அடிக்கடி யாராவது ஓர் ஆசிரியர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். வாங்குவது அப்புறம். உங்கள் 40 நிமிடப் பீரியடில் எந்த ஏழெட்டு நிமிடத்துக்குத் திரை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் ஸ்மார்ட் போர்டு மாட்டினால், அதில் தேதியும் பாடத் தலைப்பும் எழுதிக்கொண்டிருப்போம். அதற்கு சாக்பீஸே நல்லது, கரண்டும் வேண்டாம்.

நான் வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம், ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 9, 10 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு செக்‌ஷனுக்கு 42 பேர். கைவசம் இருப்பது என்னுடைய ஆண்ட்ராய்டு போன், ஒரு பழைய லேப்டாப், மூன்று வகுப்புகள் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் ஒரு ப்ரொஜெக்டர். பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் கிடையாது. இந்த நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆளுக்கொரு டேப்லெட் கொடுக்கும் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேறு யாராவது எழுதட்டும்.

எதைத் திரையில் போடுவது?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இதைக் கரும்பலகையில் செய்ய முடியுமா? முடிந்தால் பலகையிலேயே செய்துவிடுவேன். குவிலென்சின் கதிர்ப்படத்தை நான் கோடு கோடாக வரையும்போது பிள்ளைகளும் கூடவே நோட்டில் வரைகிறார்கள், என் வேகமும் அவர்கள் வேகமும் ஒத்துப்போகிறது. அதே படத்தைத் திரையில் முழுசாகக் காட்டினால் "சரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டு, தேர்வில் கதிரைத் தலைகீழாக வளைக்கிறார்கள்.

பலகையால் முடியாதவை என்று பார்த்தால் மிகச் சிறியவை, மிக மெதுவாக நடப்பவை, அசைபவை, ஒலிப்பவை, ஆபத்தானவை. வெங்காயச் செல், விதை முளைப்பது, அலை நகர்வது, குறுக்குச் சுற்று இந்தப் பட்டியலில் வரும். இந்த வகையில் வராத பாடத்துக்கு நான் ப்ரொஜெக்டரைக் கேட்பதே இல்லை. அதனாலேயே நான் கேட்கும் நாளில் சமூக அறிவியல் சார் முகம் சுளிக்காமல் தந்துவிடுகிறார்.

இணைப்பு, வெளிச்சம், சத்தம்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும், ஆனால் பாதி வகுப்புகள் படுத்துவிடுவது இங்கேதான்.

பழைய ப்ரொஜெக்டரில் நீல நிற விஜிஏ வாய் இருக்கும், புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். நடுவில் ஒரு மாற்றி வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் வாங்கலாம், ஆனால் போகும்போது உங்கள் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே செருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். விஜிஏ வழியாகப் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. அதனால் தனியாக ஒரு ஸ்பீக்கர் தேவை. ப்ளூடூத் ஸ்பீக்கராக இருந்தாலும் ஒயரும் செருக முடிகிற மாதிரி வாங்குங்கள். போனை ஸ்பீக்கரோடு ஜோடி சேர்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பின்பெஞ்சில் ஒரு சண்டையே முடிந்துவிடும். கேபிள் குறைந்தது ஐந்து மீட்டர் வேண்டும். பிள்ளைகள் நடக்கும் பாதையில் கிடக்கும் ஒயரை அகல டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள்.

வெளிச்சம் பெரிய தலைவலி. மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கும் வகுப்பில் மதியம் இரண்டு மணிக்குத் திரையில் ஒன்றும் தெரியாது. எல்லா ஜன்னலையும் அடைத்தால் ஜூனில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். திரைக்குப் பக்கத்து ஜன்னல் ஒன்றை மட்டும் கறுப்புச் சார்ட்டால் மூடுங்கள், பலகைக்கு மேலே எரியும் ட்யூப்லைட்டுக்குத் தனி சுவிட்ச் போட்டுத் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இந்த இரண்டும் போதும். வெளிச்சம் நிறைந்த அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துத்தான் தெரியும். கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து லேப்டாப்பில் அழகாக இருக்கும், சுவரில் காணாமல் போய்விடும். எழுத்தின் அளவைப் பார்க்கக் கடைசிப் பெஞ்சில் நீங்களே போய் உட்காருங்கள். அங்கிருந்து சிரமமில்லாமல் படிக்க முடியவில்லை என்றால் ஸ்லைடில் உள்ள வாக்கியங்களில் பாதியை வெட்டிவிடலாம் என்று அர்த்தம்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தப் பகுதியில் என்று மின்தடை என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தித்தாளிலும் வருகிறது. ஸ்டாஃப் ரூம் பலகையில் அதை எழுதிப்போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். திடீரென்று போகும் கரண்டுக்கு ஒரே வழி, அந்தப் பாடத்துக்கான பலகை வேலையையும் தயாராக வைத்திருப்பதுதான்.

நெட்டை நம்பாதீர்கள்

ஓடும் வீடியோவின் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் வகுப்பு கைவிட்டுப் போகும். தேவையானதை முந்தின இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாடத்திட்டத்துக்கு என்றே உள்ளவற்றை முதலில் பாருங்கள். 2018இல் புதுப் பாடநூல்கள் வந்தபோது பக்கங்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டார்கள். அதை மத்திய அரசின் தீக்‌ஷா செயலி படிக்கும், காணொளியைப் போனில் இறக்கியும் வைக்கலாம். அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிக்கும்போது குறியீடு தேய்ந்து போயிருக்கும். கீழே ஆறு எழுத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருந்தால் அதைத் தட்டச்சு செய்தாலும் திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. 2023 ஜூலையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடங்கள் சின்னச் சின்னக் கருத்துகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு இதுதான் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் முழுப் பாடத்தையும் ஓட்டாமல் எனக்கு வேண்டிய ஒரு கருத்தை மட்டும் எடுக்க முடிகிறது.

எந்த வீடியோவாக இருந்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். ஓட்டும் முன் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள், நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு நீங்களே பேசலாம், பல நேரம் அதுதான் நன்றாக இருக்கிறது. அந்த வீடியோக்காரருக்கு உங்கள் மூன்றாவது பெஞ்சு பையன் எங்கே முழிப்பான் என்று தெரியாது.

வீடியோவைவிட எனக்குப் பிடித்தவை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகச் சோதனைகள். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டித் தேடினால் வந்துவிடும். காசு இல்லை, பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக லேப்டாப்பில் இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமல் ப்ரௌசரிலேயே ஓடும். மின்சுற்றுப் பாடத்துக்கு அதில் ஒரு பெட்டி இருக்கிறது: பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். நான் இரண்டு பல்பைத் தொடரிணைப்பில் போட்டுவிட்டு, சுவிட்சை மூடாமல், "ஒரு பல்பைக் கழற்றினால் இன்னொன்று எரியுமா? நோட்டில் எழுதுங்கள்" என்பேன். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் சுவிட்ச். எழுதாமல் பார்த்தால், பார்த்த பிறகு எல்லோரும் "எனக்கு முன்னாடியே தெரியும் மிஸ்" கட்சியாகிவிடுவார்கள். கடைசியில் பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். முதல் தடவை வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புத் தமிழய்யா எட்டிப் பார்த்துவிட்டு, "என் வகுப்புலயும் இதைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். புறநானூற்றுக்கு எப்படிப் பொருத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

போனே நுண்ணோக்கிக் கண்

ஆய்வகத்தில் ஒரே நுண்ணோக்கி, முன்னால் 42 பேர் வரிசை. ஆளுக்குச் சில நொடிதான் கிடைக்கும். "தெரியுதா?" என்றால் "தெரியுது மிஸ்" என்பார்கள். பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்ணிமை முடியை.

போன் இருந்தால் இந்த வரிசையே வேண்டாம். வெங்காயத்தின் ஒரு செதிலை உடைத்து உட்பக்கச் சவ்வைச் சாமணத்தால் உரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டு வழக்கம்போலக் கண்ணாடித் துண்டில் வையுங்கள். முதலில் சிறிய உருப்பெருக்கத்தில் உங்கள் கண்ணால் தெளிவாக்குங்கள். போன் அந்த வேலையைச் செய்யாது. பிறகு போன் கேமராவைக் கண்ணருகு லென்சுக்கு மேலே ஓரிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அதை நடுவில் வைத்தபடியே போனை மெதுவாக இறக்கினால் வட்டம் பெரிதாகித் திரையை நிரப்பும். இப்போது திரையில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்.

மூன்று நான்கு கேமரா வைத்த போன்களில் எது வேலை செய்கிறது என்று தெரியாமல் தடுமாறுவோம். ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடினால் திரை இருட்டாகிறதோ அதுதான். கையில் பிடித்தால் படம் ஆடும். வேதியியல் ஆய்வகத்தில் ப்யூரெட்டைப் பிடிக்கும் தாங்கி சும்மாதானே நிற்கிறது? அதன் கவ்வியில் ஒரு துணியைச் சுற்றிப் போனை மாட்டுங்கள்.

இனி போன் திரையை ப்ரொஜெக்டருக்கு அனுப்ப வேண்டும். எல்லா போனும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு ஒத்துழைக்காது. வயர்லெஸ் முறையில் லேப்டாப்புக்கு அனுப்பலாம். அதுவும் சரிவராவிட்டால் படம் எடுத்து யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு மாற்றிக் காட்டுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சுவரில் ஆறடி அகலத்துக்கு வெங்காயச் செல்கள் விரியும்போது ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரிலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: செல்சுவர் எது, உட்கரு எது, காற்றுக்குமிழி எது. அந்தக் குமிழியைச் செல் என்று சொல்ல யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். அதிலிருந்துதான் பேச்சே தொடங்கும்.

அதே தாங்கியில் போனைக் கீழ்நோக்கி மாட்டினால் நோட்டைக் காட்டலாம். கணக்கு ஆசிரியர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரு பிள்ளை போட்ட கணக்கைப் பெயர் தெரியாமல் மடித்து வைத்து, "இது எந்த வரியில் வழிமாறுகிறது?" என்று வகுப்பையே கேட்கலாம். அந்தப் பிள்ளையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.

ஒலியின் வேகத்தை வராந்தாவில் அளப்பது

போனுக்குள் ஒலிவாங்கி, முடுக்கமானி, பல போன்களில் காந்தமானியும் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இவற்றை அளவுகருவியாக மாற்றிவிடுகிறது. அதில் ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு ஆசிரியர்களின் போன் இருந்தால் போதும், நெட் வேண்டாம்.

வராந்தாவில் டேப் வைத்து எட்டு மீட்டர் அளந்து இரு முனையிலும் ஒவ்வொரு போனை ஸ்டூலில் வையுங்கள். இரண்டிலும் ஒலிக் கடிகாரத்தைத் திறந்து, மின்விசிறிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் ஓடாத அளவுக்கு, ஆனால் தூரத்துக் கைத்தட்டலுக்கு ஓடும் அளவுக்குத் தொடக்க எல்லையைச் சரிசெய்யுங்கள். இதில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். குறைந்தபட்சத் தாமதம் என்று இன்னோர் அமைப்பு இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டினால் சுவரில் பட்டு வரும் எதிரொலி கடிகாரத்தை நிறுத்தாது.

முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒருமுறை பலமாகத் தட்டுகிறாள். அவள் போன் உடனே ஓடத் தொடங்கும், எட்டு மீட்டர் தள்ளி இருப்பது சத்தம் போய்ச் சேர்ந்த பிறகு ஓடும். இரண்டு நொடி கழித்து அந்தப் பக்கத்துப் பையன் தட்டுகிறான். அவன் போன் உடனே நிற்கும், இவள் போன் சத்தம் வந்த பிறகு நிற்கும். ஆக இவள் போன் சற்று அதிக நேரம் ஓடியிருக்கும். அந்த வித்தியாசம் சத்தம் போய்வர எடுத்த நேரம், அதாவது 16 மீட்டருக்கானது. ஒன்று 2.346 நொடி, இன்னொன்று 2.300 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.046. 16ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர்.

கைத்தட்டல் மழுங்கலாக இருந்தால் எண்கள் தாறுமாறாக வரும். இரண்டு மரக்கட்டைகளை அடித்தால் ஒலி கூர்மையாக இருக்கும். பத்து முறை செய்து, துள்ளி நிற்கும் எண்களையும் பலகையில் எழுதி, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று பிள்ளைகளையே வாதாடச் சொல்லுங்கள். சராசரி என்பதன் தேவை அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிகிறது. எங்கள் பக்கம் தண்டவாளம் அருகில் இருப்பதால் ரயில் ஹாரன் அடித்ததும் இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். அதற்கும் ஒருவன், "அப்போ ரயில் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாமா மிஸ்?" என்று கேட்டான். கண்டுபிடிக்கலாம், தனிப் பாடமே எடுக்கலாம்.

யாராவது ஒருவர் "நான் படிச்ச கைடுல 331னு போட்டிருக்கே" என்று கேட்பார். அது பூஜ்ஜியம் டிகிரி செல்சியசில். ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். சென்னையில் 30 டிகிரி என்றால் 349. நம் ஊர் வெயில் விடைத்தாளுக்குள் வரும் அபூர்வமான இடம் இது, விட்டுவிடாதீர்கள்.

42 பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல

"புரிந்ததா?" என்ற கேள்விக்கு "புரிந்தது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கைதூக்கச் சொன்னால் முன்பெஞ்சு ஐந்து பேரைத்தான் தெரிந்துகொள்வோம். இதற்கு ப்ளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு காகித அட்டை. அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. பிள்ளை தன் விடையின் எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போனை வகுப்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று போனில் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் திருப்பிப் பிடிப்பது சுலபமில்லை. போனில் மட்டும் நெட் வேண்டும், கொஞ்சம் டேட்டாதான் செலவாகும்.

வழக்கமான தொகுப்பில் 40 அட்டை, பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுப்பும் இருக்கிறது. இரண்டையும் அவர்கள் தளத்திலேயே இறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கலாம். பளபள லேமினேஷன் போடாதீர்கள், ட்யூப்லைட் பட்டு மின்னினால் போன் படிக்காது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்னால் ஒட்டினால் வருடம் முழுக்க உழைக்கும். அட்டை எண்ணும் வருகைப்பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைக்கக்கூடாது என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

கருவி சுலபம், கேள்விதான் கஷ்டம். வரையறையைக் கேட்கும் கேள்விக்கு இவ்வளவு ஏற்பாடு வீண். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உண்மையாகவே நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். நான் ஆண்டுதோறும் கேட்பது இது: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில், (ஏ) திசைவேகம், முடுக்கம் இரண்டும் சுழி, (பி) திசைவேகம் சுழி, முடுக்கம் கீழ்நோக்கி 9.8, (சி) திசைவேகம் சுழி, முடுக்கம் மேல்நோக்கி 9.8, (டி) முடுக்கம் மட்டும் சுழி. சரியான விடை பி. ஆனால் பெரும்பாலும் "ஏ"தான் குவியும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உட்பட.

விடையைச் சொல்லாதீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்ற படத்தையும் திரையில் காட்டாதீர்கள். "உன் விடைக்கு மாறான விடை வைத்திருக்கும் ஆளைத் தேடி இரண்டு நிமிடம் பேசு" என்று விடுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் தன் இயற்பியல் மாணவர்களிடம் பரவலாக்கிய முறை இது. சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பேசவிட்டுப் பயனில்லை, திரும்ப நடத்த வேண்டும். 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால்தான் பேச்சு வேலை செய்யும் என்பது அவர் சொல்லும் கணக்கு. வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். எச்.எம். ரவுண்ட்ஸ் வரும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு பெண் தன் பெஞ்சுத் தோழியிடம், "முடுக்கமும் சுழின்னா பந்து அங்கயே தொங்கிட்டு நிக்கணும்டி, ஏன் கீழ விழுது?" என்றாள். என் விளக்கம் எதுவும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

இந்தப் பதிவுகளை மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள். மாற்றினால் மறுநாளிலிருந்து முதல் பெஞ்சுப் பிள்ளையின் அட்டையை எல்லோரும் எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப்பும்

எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே ஒரு போன். அதை அப்பா காசிமேட்டுக்கோ, துறைமுகத்துக்கோ, டெலிவரி வேலைக்கோ எடுத்துப் போய்விட்டு ராத்திரிதான் வருவார். அந்த நேரத்தில் பத்து நிமிட வீடியோ பார்த்துப் பதில் அனுப்பு என்றால், அந்த வேலையைச் செய்யாத பிள்ளையைத் தண்டிப்பது வீட்டு வருமானத்தைத் தண்டிப்பதுதான். போன் இல்லாமல் முடிக்க முடியாத வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். வகுப்பில் பார்த்ததை வரைந்து வா, ஒலி அளந்த கணக்கை முடித்து வா என்பது போதும்.

பெற்றோர் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்கள் நின்றாலே பாதி நிம்மதி. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாக்களுக்கு அரை நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் போடுகிறார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தையோ மதிப்பெண் பட்டியலையோ குழுவில் போடக்கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கணக்கிடுகிறது, அவர்கள் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், 34 மார்க் வாங்கிய பிள்ளையின் அத்தை அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

வினாத்தாளும் ஏஐயும்

இன்னும் பலர் வினாத்தாளை வானவில்லிலும் பாமினியிலும் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள், பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. தட்டச்சு புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் சொல்வேன். அவசரத்துக்குப் போனில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது: பேசிவிட்டு ல, ள, ழவையும் ர, றவையும் ஒருமுறை திருத்திக்கொண்டால் போதும்.

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான கருவிகளிடம் வினா கேட்கும்போது, பாடப் பக்கத்தின் பத்தியையே கொடுத்து, "இதிலிருந்து மட்டும், 9ஆம் வகுப்புத் தமிழ்வழி மாணவருக்கு, நான்கு விடை கொண்ட பத்து வினா" என்று கேளுங்கள். பத்தில் மூன்றுதான் தேறும், அதுவே லாபம். கலைச்சொல் நம் பாடநூலில் உள்ளதுதானா, விடை ஒன்றுதானா, எண் கணக்கு சரியா என்று ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். தப்பான விடையையும் இவை கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லும். பிள்ளையின் பெயர், கல்வித் துறை பதிவில் உள்ள எமிஸ் எண், குடும்ப விவரம் எதையும் அதில் தட்டாதீர்கள்.

பெட்டியைக் கட்டுவது

கருவிகளைப் பார்த்துக்கொள்ள மாதம் இரண்டு பேர் என்று பிள்ளைகளையே போடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். விட்டால் எப்போதும் உயரமான இரண்டு பையன்கள்தான் ஒயர் பக்கம் போவார்கள். கேபிளை இணைப்பது, அட்டைகளை எண்ணி வாங்குவது, ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போடுவது அவர்கள் வேலை. மெயின் சுவிட்சைத் தொடுவது உங்கள் வேலை.

மணி அடித்ததும் அந்த சுவிட்சைப் பட்டென்று அணைக்கக்கூடாது. பல்பு வைத்த ப்ரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்த பிறகும் உள்ளே விசிறி சற்று நேரம் ஓடிப் பல்பைக் குளிரவைக்கும். அது நின்ற பிறகுதான் மெயின். மாதம் ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழற்றிச் சாக்பீஸ் தூளைத் தட்டுங்கள். கடற்கரையை ஒட்டிய பள்ளிகளில் உப்புக் காற்றும், அக்டோபருக்கு மேல் மழை ஈரமும் கேபிள் முனைகளைப் பிடித்துவிடும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் கேபிள் பையில் போட்டு வையுங்கள். ரிமோட்டின் பேட்டரியை வெள்ளிக்கிழமை கழற்றி மேசை டிராயரில் பூட்டுங்கள். திங்கட்கிழமை அது ஸ்டாஃப் ரூம் சுவர்க் கடிகாரத்துக்குள் போயிருக்காது.